நொச்சிக்காட்டு வெட்டிவேர் நாற்று: ஒன்றரை வருடம் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்த பிறகு

2024 ஆடி மாதம் நொச்சிக்காடு பக்கம் ஒரு வெட்டிவேர் விவசாயியிடம் நேரில் போய் 60 நாற்று வாங்கி வந்தேன். நாற்று ஒன்று 3 ரூபாய், மொத்தம் 180. வேருக்காக இல்லை, வாசலில் அழகுக்கு ஒரு புல் வேண்டும், அதுவும் நம்ம ஊர்ப் புல்லாக இருக்க வேண்டும், தண்ணீர் அதிகம் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் யோசனை. ஒரு புயல், ஒரு கத்திரி வெயில், இரண்டு மழைக்காலம் எல்லாவற்றையும் அது பார்த்துவிட்டது, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம்.

முதலில் எங்கள் வீட்டு மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த விமர்சனமே அதைப் பொறுத்ததுதான். கடலூரில் தேவனாம்பட்டினம் போகிற சாலையில் இருக்கிறோம். ஒரு முழம் தோண்டினால் வெறும் மணல், கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஓடிவிடும். போர் தண்ணீர் தையிலிருந்து பங்குனி வரை பரவாயில்லை, சித்திரை வந்தால் உப்புக் கரிக்க ஆரம்பிக்கும். இந்த மண்ணில் வீடு கட்டிய புதிதில் வாசலுக்குக் கொரியன் புல் போட்டோம். தினமும் இரண்டு வேளை தண்ணீர், வாரம் ஒருமுறை களை, அப்படிப் பார்த்தும் இரண்டாவது கோடையில் திட்டுத்திட்டாக வெந்து போய்விட்டது, அந்த உப்புத் தண்ணீரை ஊற்ற ஊற்ற இன்னும் மோசமானது. அதன் பிறகு மூன்று வருடம் அந்த இடம் சும்மாதான் கிடந்தது, மழை பெய்தால் மணல் கரைந்து தெருச் சாக்கடையில் போய் நிற்கும்.

வெட்டிவேர் யோசனை வந்ததும் நேராக விவசாயியிடம் போகவில்லை, அதுதான் நான் செய்த தவறு. பாண்டி போகிற வழியில் ஒரு நர்சரியில் "வெட்டிவேர்" என்று கேட்டேன், கறுப்புப் பையில் 4 செடி கொடுத்தார்கள், ஒன்று 60 ரூபாய். வீட்டுக்கு வந்து காய்ந்த இலையைக் கிள்ளும்போதுதான் கையில் எலுமிச்சை வாசனை அடித்தது. அது எலுமிச்சைப்புல். டீக்கு நல்லது, இன்னும் கொல்லையில் வைத்திருக்கிறேன், ஆனால் நான் கேட்டது அது இல்லை. திருப்பிக் கொண்டுபோய்க் கேட்டதற்கு "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார்கள். ஒன்றே இல்லை. வாங்கப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: வெட்டிவேர் இலையைக் கசக்கினால் வெறும் புல் வாசனைதான் வரும், மணம் முழுக்க வேரில்தான் இருக்கிறது. இன்னொரு அடையாளம், தூரின் அடிப்பக்கத்தைப் பாருங்கள், வெட்டிவேர் தண்டு அடியில் உருண்டையாக இருக்காது, விசிறியை மடித்து வைத்த மாதிரி தட்டையாக இருக்கும், இலையும் நடு நரம்பில் மடிந்து நிற்கும். இது தெரிந்துவிட்டால் யாரும் ஏமாற்ற முடியாது.

அதற்கு அடுத்து ஆன்லைனில் 20 நாற்று வரவழைத்தேன். ஆறு நாள் கழித்து வந்தது, பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கிக் கட்டி, பாதி காய்ந்து பாதி அழுகி. 20-இல் பிழைத்தது 2. பணத்தைத் திருப்பித் தரவில்லை, புகைப்படம் அனுப்பினதற்குப் பதிலும் இல்லை. உயிரோடு இருக்கிற வேரை ஆறு நாள் காற்றில்லாமல் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று விற்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும், அதுதான் எனக்குக் கோபம்.

சரி, நொச்சிக்காட்டுக்கு வருகிறேன். கடலூர் ஓ.டி. என்கிற பழைய டவுன் தாண்டி சிதம்பரம் சாலையில் சிப்காட் கடந்து கடற்கரைப் பக்கம் திரும்பினால் நொச்சிக்காடு, தியாகவல்லி என்று அந்த மணல் பூமி முழுக்க வெட்டிவேர் போடுகிறார்கள். நம்மில் பாதிப் பேருக்கு இது தெரியாது, எனக்கே தெரியாது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவருடைய ஊர் அந்தப் பக்கம், அவர்தான் அழைத்துப் போனார். கடலோரச் சவுக்குத் தோப்பு தாண்டிப் போனால் வரிசை வரிசையாக ஆள் இடுப்புக்கு மேல் பச்சைப் புதர், காற்றடித்தால் ஒரே பக்கமாகச் சாய்ந்து எழும்பும். அந்தக் காட்சியைப் பார்த்த பிறகு நர்சரியில் விற்கிற சிவப்பு ஃபவுண்டன் கிராஸ் எதற்கு என்று தோன்றிவிட்டது, அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, இது இங்கேயே பிறந்தது.

விவசாயிக்கு அறுபது வயது இருக்கும். "எத்தனை சென்ட்டுக்கும்மா வேணும்?" என்றுதான் முதலில் கேட்டார். சென்ட் கணக்கெல்லாம் இல்லண்ணே, வீட்டு வாசலுக்குத்தான் என்றேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "வேருக்கா, அழகுக்கா?" என்றார். அழகுக்கு என்றதும், "அப்ப நெருக்கி நடு, ஒரு சாண் விட்டாப் போதும், வேருக்குன்னாத்தான் தள்ளித் தள்ளி நடணும்" என்று சொல்லிவிட்டு அங்கேயே ஒரு தூரைத் தோண்டி எடுத்தார். அவர் நாற்றுப் பிரித்த விதத்தைப் பார்த்ததுதான் அந்த 180 ரூபாயில் பெரிய லாபம். தூரைத் தரையில் தட்டி மணலை உதிர்த்தார், அரிவாளால் இலையை ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக விட்டு ஒரே வெட்டு, வேரை நாலு விரல் அளவு விட்டு இன்னொரு வெட்டு. அப்புறம் கையாலேயே இரண்டு மூன்று கிளைப்பாக, அதாவது தூரில் கிளைத்த தண்டுகளாக, பிடித்துப் பிரித்தார், பிரியாத இடத்தில் மட்டும் அரிவாள் முனை. ஒற்றைக் கிளைப்பாக வந்ததையும், நடுவில் முற்றிக் கணு விட்டதையும் ஓரமாகப் போட்டுவிட்டார். "இது உனக்கு ஆகாதும்மா." அதற்குக் காசும் கணக்குப் பண்ணவில்லை. எண்ணும்போது 60 ஆனதும் மேலே நாலு வைக்கவில்லை, ஆனால் 60-ம் சுத்தமான நாற்று. எனக்கு அதுதான் வேண்டும்.

அவர் வீட்டு அக்கா ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார்கள். இன்றைக்கே நட்டுவிட வேண்டும், முடியாவிட்டால் வாளியில் நாலு விரல் தண்ணீரில் நிறுத்தி வை, நாலைந்து நாளில் வெள்ளை வேர் விடும், அதைப் பார்த்துவிட்டு நடு என்றார்கள். நான் பாதியை அன்று சாயங்காலமே சாணிக் கரைசலில் நனைத்து நட்டேன், மீதியை வாளியில் வைத்து ஐந்தாம் நாள் நட்டேன். உண்மையைச் சொன்னால் வாளியில் வைத்தவைதான் சீக்கிரம் பிடித்தன.

வாசல் சுவர் ஓரமாக 36, வேப்பமர நிழலில் 12, துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் தண்ணீர் தேங்கும் மூலையில் 12. இப்படி வேண்டுமென்றே மூன்று இடத்தில் வைத்தேன், எங்கே வரும் என்று பார்க்கத்தான்.

முதல் இரண்டு மாதம் இதற்கும் தண்ணீர் வேண்டும். "வறட்சி தாங்கும் புல்" என்றதும் நட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள், அங்கேதான் பாதி நாற்று போகிறது. வறட்சி தாங்குவது அதன் வேர், நடும்போது அந்த வேரைத்தான் நாம் நாலு விரல் விட்டு வெட்டி வைத்திருக்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊற்றினேன். ஆடிக் காற்றில் மணல் சீக்கிரம் காய்ந்துவிடும், அதனால் காய்ந்த தென்னஞ் சோகையை மேலே பரப்பி வைத்தேன். மூன்றாம் வாரம் நடுக் குருத்து பச்சையாகக் கிளம்பியது. அந்த நேரம் பார்த்துத் தெருமாடு வந்து சுவர் ஓரத்தில் 5 நாற்றைப் பிடுங்கிவிட்டது. முற்றின இலையை மாடு தொடாது, இளசாக இருந்தால் விடாது. கேட் இல்லாத வாசல் என்றால் முதல் மூன்று மாதம் முள்ளோ வலையோ கட்டுங்கள்.

ஐப்பசிக்குள் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்புறம்தான் ஃபெஞ்சல் புயல், 2024 நவம்பர் 30. புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது, அந்த மழை எப்படி இருந்தது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கடுத்த நாட்களில் தென்பெண்ணையிலும் வெள்ளம். எங்கள் வீட்டுத் துவைகல் மூலையில் நாலு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. அங்கே இருந்த ரோஜா இரண்டும் போயின, முருங்கை சாய்ந்தது. வெட்டிவேர் 12-ம் நின்றது. கீழ் இலைகள் சேறு படிந்து பழுத்தன, அவ்வளவுதான், பத்து நாளில் குருத்து மேலே வந்தது. வறட்சி தாங்கும் செடிகள் நிறைய இருக்கின்றன, வெள்ளத்தில் நின்றும் பிழைப்பவை ரொம்பக் குறைவு. கடலூர்க்காரர்களுக்கு ரெண்டும் வேண்டும், ஆறு மாதம் வெயில், இரண்டு மாதம் வெள்ளம் என்று வாழ்கிற ஊர் இது. நான் இந்தப் புல்லை இவ்வளவு விரும்புவதற்கு இதுதான் முதல் காரணம்.

மணல் கரைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் மழைக்குச் சுவர் ஓரப் புல் இடைவெளி மூடவில்லை, கொஞ்சம் மணல் போகத்தான் செய்தது. 2025 மழைக்குள் தூர்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிவிட்டன, தண்ணீர் அதற்குள் வடிந்து மெதுவாக வெளியே போகிறது, மணல் உள்ளேயே நிற்கிறது. புல்லுக்குப் பின்னால் இப்போது நாலு விரல் உயரத்துக்கு மணல் சேர்ந்திருக்கிறது, அந்த மணல் மூடினாலும் தூர் அதற்கு மேலே வளர்ந்துகொள்கிறது. 1980-களில் உலக வங்கி இந்தியாவில் மண் அரிப்பைத் தடுக்க இந்தப் புல்லைத்தான் முன்னிறுத்தியது, இன்று பல நாடுகளில் சாலைச் சரிவிலும் ஆற்றங்கரையிலும் நடுகிறார்கள். நம் தமிழ்ப் பெயரைத்தான் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து வெட்டிவர் ஆக்கி உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். பாண்டியில் கடைகளில் அந்தப் பெயரோடு சோப்பும் அத்தரும் அடுக்கி வைத்திருப்பதைப் பார்க்கும்போது, இது எங்கள் ஊர் மணலில் விளைந்த சொல் என்று எனக்குப் பெருமையாக இருக்கும்.

அடுத்து 2025 கோடை. சித்திரையிலிருந்து வேண்டுமென்றே தண்ணீரை நிறுத்தினேன். கத்திரி முடிகிற வரை ஒரு குடம் ஊற்றவில்லை. இலை நுனி ஒரு சாண் அளவு காய்ந்து வெளுத்தது, மதியத்தில் இலைகள் இன்னும் இறுக்கமாக மடிந்துகொள்ளும், ஆனால் தூரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சை. பக்கத்தில் குரோட்டன்ஸ் தலை தொங்கிக் கிடந்தது. வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேராகக் கீழே இறங்குவதுதான் காரணம், நல்ல மண்ணில் முதல் வருடத்திலேயே 3 மீட்டர் வரை போகும் என்கிறார்கள், எங்கள் மணலில் அதற்குத் தடையே இல்லை. அதனால் இன்னொரு நன்மை, பக்கத்தில் இருக்கிற மல்லிகையின் தண்ணீரை இது பிடுங்கவில்லை, ஒன்றரை அடி தள்ளித்தான் இருக்கிறது, மல்லிகை நன்றாகவே பூக்கிறது.

வேப்பமர நிழலில் வைத்தது தோல்வி. 12-இல் 5 போய்விட்டது, மீதி 7-ம் நூல் நூலாக ஏங்கி நிற்கின்றன. இதற்கு முழு வெயில் வேண்டும், பேச்சே இல்லை. மாடி வீடுகளுக்கு நடுவில் மூன்று மணி நேரம்கூட வெயில் வராத சந்து என்றால் தயவுசெய்து காசு செலவழிக்காதீர்கள்.

பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். பூச்செடி மாதிரி கண்ணைப் பறிக்காது. ஆனால் நாலரை அடி உயரத்தில் ஊற்று மாதிரி எழும்பி வளைந்து நிற்கிற அந்தப் பச்சையைச் சாயங்கால வெயிலில் கடல் காற்று அசைக்கும்போது, நானும் என் மகளும் திண்ணையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்போம். சில தூர்களில் மட்டும் கதிர் வந்தது, ஊதாவும் பழுப்பும் கலந்த நிறம், கலசத்தில் வைத்த பூங்கொத்து மாதிரி அடுக்கடுக்காக. விதை விழுந்து எங்கேயும் முளைக்கவில்லை, நம் தெற்கத்தி வகை விதையில் பெருகாது, தூர் பிரித்தால்தான் உண்டு. அதனால் தோட்டம் முழுக்கப் பரவிவிடுமோ என்ற பயம் வேண்டாம். இன்னும் மெல்லிசாக, அணில் வால் மாதிரி கதிர் ஆடுகிற புல் வேண்டும் என்பவர்களுக்கு நம்ம ஊர்க் கொழுக்கட்டைப் புல் இருக்கிறது, அதுவும் வறட்சிக்கு அசையாது, ஆனால் அது விதையில் பரவும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்பு கொஞ்சம்தான். வருடத்துக்கு இரண்டு முறை, ஆடியில் ஒன்று, மழை முடிந்து தையில் ஒன்று, தரையிலிருந்து ஒன்றே கால் அடி விட்டு வெட்டிவிடுகிறேன். வெட்டினால்தான் பக்கக் கிளைப்பு வரும், வெட்டாமல் விட்டால் நடுவில் காய்ந்த இலை மண்டிப் புதர் அசிங்கமாகிவிடும், எங்கள் வீட்டில் ஒரு தூரில் கரையானும் ஏறியது. கை நீளச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள், இலை ஓரம் சன்னமான ரம்பம் மாதிரி, முதல் தடவை எனக்கு முழங்கை வரை கீறல். வெட்டிய இலையைத் தூக்கிப் போடாதீர்கள், செடிகளுக்கு மூடாக்குப் போட இதைவிட நல்லது கிடையாது, சீக்கிரம் மக்காது. எதிர்வீட்டு அம்மா "புதர்ல பாம்பு வந்து படுக்கும்டி" என்று இரண்டு முறை சொன்னார்கள். இதுவரை வரவில்லை, ஆனாலும் அடிப்பக்கத்தை ஒரு முழ உயரத்துக்குச் சுத்தமாக வைத்திருக்கிறேன், அவர்கள் பயத்துக்கும் மதிப்பு கொடுக்க வேண்டும் இல்லையா.

வேர் விஷயத்துக்கு வருவோம். அத்தைக்கு ஆரம்பத்திலிருந்தே கண் வேர் மேல்தான். அவர் வீட்டில் கோடை வந்தால் மண் பானையில் வெட்டிவேர் முடிச்சு போடாமல் தண்ணீர் குடித்ததில்லை. வைத்து ஆறாம் மாதமே "ஒண்ணைப் பிடுங்கிப் பாரேன்" என்றார். விவசாயி அண்ணன் ஒரு வருடமாவது ஆகட்டும் என்று சொன்னதால் நான் விடவில்லை. போன பொங்கலுக்கு முந்தின வாரம் துவைகல் மூலையில் ஒரு தூரை எடுத்தோம். மணலைச் சுற்றிலும் இரண்டரை அடி ஆழத்துக்குத் தோண்டி, நானும் வீட்டுக்காரரும் சேர்ந்து இழுத்தோம். அடி வேர் கொஞ்சம் அறுந்து உள்ளேயே நின்றுவிட்டது, ஆனாலும் வந்தது ஒரு கட்டு. மணல் என்பதால் உதறினாலே சுத்தம், களிமண் என்றால் இப்படி வராது, வேர் அறுந்துபோகும், நொச்சிக்காடு பக்கம் இது செழிப்பதும் அந்த மணலால்தான். களிமண் வீட்டுக்காரர்கள் வேருக்கு ஆசைப்பட்டால் பழைய சாக்கில் மணலும் எருவும் நிரப்பி அதில் வையுங்கள், சாக்கைக் கிழித்தால் வேர் முழுசாக வரும்.

பிடுங்கியதும் பெரிதாக மணக்கவில்லை, ஈர மண் வாசனைதான். அத்தை அதை மூன்று தண்ணீரில் அலசி, நிழலில் பாயில் பரப்பினார். மூன்றாம் நாள் காலையில் கூடத்துக்குள் நுழைந்ததும் வந்த மணம் இருக்கிறதே, மழை விழுந்த மண்ணும் பச்சைக் கட்டையும் சேர்ந்த மாதிரி. அத்தை ஒரு கொத்தை எடுத்து நுகர்ந்துவிட்டு ஒன்றும் பேசாமல் தன் பெட்டிக்குள் புடவைக்கு நடுவில் வைத்துக்கொண்டார். கடையில் வாங்குகிற வேரோடு ஒப்பிட்டால் எங்களுடையது இன்னும் மெல்லிசு, மணம் கொஞ்சம் பச்சையாக இருக்கிறது, ஆனால் பானைத் தண்ணீரில் போட்டதும் வித்தியாசம் தெரியவில்லை. நாட்டு மருந்துக் கடைகளில் விலாமிச்சை வேரையும் இதையும் ஒன்றாகச் சொல்வார்கள், அது வேறு செடி, புல்லே இல்லை, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குறை என்று சொல்ல வேண்டுமென்றால், விவசாயியிடம் 500 நாற்றுக்குக் குறைவாக வாங்கப் போனால் அவர்களுக்கு அது தொந்தரவுதான், களையெடுக்கிற நேரத்தில் போனால் காத்திருக்க வேண்டும், நான் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். ரசீது, உத்தரவாதம் எதுவும் கிடையாது. வண்டி இல்லாதவர்களுக்குப் போய் வருவதும் சிரமம். நாலு வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு நடையாகப் போய் வருவது நல்லது, அவருக்கும் ஒரு தூருக்கு மேல் தோண்டினால்தான் கட்டுபடியாகும். அதற்காக விலையில் பேரம் பேசாதீர்கள், 3 ரூபாய்க்கு அவர் போடுகிற உழைப்பை நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

60-இல் இன்றைக்கு 49 உயிரோடு நிற்கிறது, அதில் நிழலில் இருக்கிற 7-ஐ இந்த ஆடியில் வெயிலுக்கு மாற்றப் போகிறேன். பையில் 60 ரூபாய் கொடுத்து வாங்கியதில் நான் கேட்ட செடியே இல்லை, ஆறு நாள் பயணம் செய்து வந்ததில் 2 பிழைத்தது. மண்ணிலிருந்து எடுத்து அன்றைக்கே கைக்கு வருகிற நாற்றுக்கு ஈடு கிடையாது.

பொங்கலுக்கு எடுத்த அந்த ஒரு தூரின் தலைப்பகுதியைப் பிரித்ததில் 22 நாற்று வந்தது, அண்ணன் காட்டின மாதிரியே ஒற்றைக் கிளைப்பைக் கழித்துவிட்டேன். 13-ஐ எதிர்வீட்டு அம்மாவே கேட்டு வாங்கி அவர்கள் கிணற்றோரம் வைத்திருக்கிறார்கள். மீதி 9 துவைகல் பக்கத்தில் வாளியில் நிற்கிறது, வெள்ளை வேர் விட்டாயிற்று, தேவனாம்பட்டினம், புதுப்பாளையம் பக்கம் யாருக்காவது வேண்டுமானால் கீழே சொல்லுங்கள், ஈரச் சாக்கு கொண்டு வாருங்கள்.